லட்சத்தொரு விளக்கு

கனடாவிலிருக்கும் என் தம்பி பத்தொன்பது வருடங்களுக்குப் பிறகு புங்குடுதீவுக்கு வர ஒரு காரணம் கண்டுபிடித்திருந்தான். எங்கள் கோயிலில் லட்ச தீபம், அவனுடைய உபயம். லட்சம் பூச்சியத்தில் முடிகிறது, அது ஆகாது, ஒன்று கூட்டு என்று அங்குள்ள உறவுக்காரர் சொல்லிவிட்டார்களாம். ஆகவே ஒரு லட்சத்து ஒன்று. எல்லா வரிசையும் சமமாக இருக்க வேண்டும், ஒன்றும் தனியே நிற்கக் கூடாது, ட்ரோனில் படம் எடுக்கப் போகிறேன் என்றான். திட்டம் போடுவது என் வேலை. முப்பது வருடம் கணிதம் படிப்பித்தவள் அல்லவா, வசமாக மாட்டிக்கொண்டேன்.

லட்சம் தங்கமான எண். இரண்டும் ஐந்தும் மட்டுமே பெருகி உண்டானது. கேட்டபடி பிரிந்து கொடுக்கும். நானூறு வரிசை, வரிசைக்கு இருநூற்றைம்பது விளக்கு. கோயில் முன்வீதிக்கு அளவெடுத்தது போல இருந்தது. ஒன்றைக் கூட்டினால் எல்லாம் போச்சு. அடுத்தடுத்த இரண்டு எண்களுக்கு ஒன்றைத் தவிர வேறு பொதுக் காரணி கிடையாது; ஆகவே இனி இரண்டாலும் ஐந்தாலும் பிரியாது. மூன்றால் போகவில்லை. ஏழால் வகுத்தால் ஆறு மிச்சம். பதினொன்றால் மிச்சமில்லாமல் போனபோது குசினிக்குள் நின்று கைதட்டினேன். விடை ஒன்பதாயிரத்துத் தொண்ணூற்றொன்று. அதையும் உடைக்கலாமென்று எண்பத்தொன்பது வரையுள்ள முதன்மை எண்கள் எல்லாவற்றாலும் வகுத்துப் பார்த்தேன். அசையவில்லை. அதுவே ஒரு முதன்மை எண், அதற்கு மேல் பிரியாது. சோறு அடிப்பிடித்ததுதான் கண்ட பலன்.

ஆக, பதினொரு வரிசை. விட்டால் ஒரே வரிசை. சாணுக்கு ஒரு விளக்கு வைத்தாலும் ஒரு வரிசை இரண்டு கிலோமீற்றரைத் தாண்டும்.

“பதினொரு வரிசையும் தீவை விட்டு வெளிய போற பாலத்தில ஏறிக் கடலுக்கு நடுவால போகுமடா. காத்துக்கு ஒண்டும் எரியாது. லட்சத்தை முன்வீதியில வைப்பம். மிச்ச ஒண்டை நீ வந்து மூலஸ்தானத்துக்கு முன்னால ஏத்து” என்றேன்.

“ஒண்டு தனிய நிக்கிறது சரியில்லை அக்கா. கணக்கை இன்னொருக்காப் பாருங்கோ.”

“ஆயிரம் தரம் பார்த்தாலும் அது அதுதான்!”

மூன்று வாரம் இதே சண்டை. எனக்கு வந்த எரிச்சலில் போனைக் கிணற்றுக்குள் எறியலாம் போலிருந்தது. விளக்குக்கு இவ்வளவு கணக்குப் பார்க்கிறவன் விமான ரிக்கற் எடுத்துவிட்டானா என்று நான் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும்.

கடைசியில் ஒருநாள் இறங்கி வந்தான். “சரி அக்கா, நீங்கள் சொன்ன மாதிரியே செய்யுங்கோ. அந்த ஒண்டை நீங்களே ஏத்திவிடுங்கோ. எனக்கு லீவு எடுக்க ஏலாது.”

“ஓம்” என்று சொல்லிப் போனை வைத்தேன்.

லட்ச தீபத்தன்று ஊரில் இருந்தவர்கள் எல்லோரும் முன்வீதியில் நின்றார்கள். தம்பி ஆள் பிடித்து அனுப்பிய ட்ரோன் தலைக்கு மேலே இரைந்துகொண்டிருந்தது. நான் உள்ளே போய் அந்த ஒரு விளக்கை ஏற்றிவிட்டு, அழுதேன்.

படம் நன்றாக வந்திருப்பதாகத் தம்பி எழுதியிருந்தான். நானும் பார்த்தேன். நானூறு வரிசையும் பிசகாமல் இருந்தன. நான் ஏற்றிய விளக்கு அதில் இல்லை.