பனிக்குவியலில் கிடந்த வேக்யூம் கிளீனர்

சிக்ஸ்டன் ஹெட்மார்க் இறந்த வாரத்தில் துறைமுகத் தெருக்காரர்கள் அவர் மகள் இல்வாவிடம் துக்கம் விசாரித்தார்கள். நல்ல மனிதர் என்றார்கள். சிரமப்படாமல் போய்ச் சேர்ந்தார் என்றார்கள். பிறகு குரலைத் தாழ்த்தி, இனிமேல் வேக்யூம் கிளீனர் மக்கர் பண்ணினால் யாரிடம் கொண்டுபோவது என்று கேட்டார்கள். இல்வாவுக்கு அது தப்பாகப் படவில்லை. அந்த வாரம் அவரைப் பற்றிப் பேசப்பட்டதில் அதுதான் துல்லியமான பேச்சு.

சிக்ஸ்டன் துறைமுக ஊரான ஹார்னோசாண்டிலேயே பிறந்தவர். ஊரை ஒட்டிய காகிதக்கூழ் ஆலையில் வேலைக்குச் சேர்ந்து அங்கேயே ஓய்வுபெற்றவர். ஆலையில் அவர் பொறுப்பு விசிறிகள். ஆள் உள்ளே நின்றுகொண்டு துடைக்கும் அளவுக்குப் பெரியவை. எந்தக் குழாயில் அடைப்பு என்று சத்தத்தை வைத்தே சொல்லிவிடுவார். வீட்டிலிருந்த வேக்யூம் கிளீனரை மட்டும் அவர் தொட்டதில்லை. ஒரு சனிக்கிழமை, செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தவர் மடியில் மனைவி மாய்பிரித் அதன் குழாயைக் கொண்டுவந்து போட்டாள்.

"ஆலைக்கெல்லாம் காத்து வாங்கித் தர்ற. வீட்டுல ஒரு குட்டி விசிறி மூச்சு முட்டிக் கிடக்கு, அது உன் கண்ணுல படாதா?"

பிரித்துப் பார்த்தார். குழாய் வளைவில் இல்வாவின் காலுறை ஒன்று மாட்டிக்கொண்டிருந்தது. காலுறையை எடுத்த பிறகும் அவர் மூடவில்லை. மதியச் சாப்பாடு ஆறும்வரை மோட்டாரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். மாய்பிரித் சொன்னது சரிதான். அது விசிறியேதான். காற்றைப் பின்னால் தள்ளுகிறது, முன்னால் குப்பையைப் பிடித்து வைக்க ஓர் இடம் இருக்கிறது, அவ்வளவுதான். மற்றதெல்லாம் வெறும் பெயிண்ட் என்பார் பிற்பாடு.

மாய்பிரித் இறந்த பிறகு, அவர்கள் குடியிருந்த மூன்று மாடி மரவீட்டின் நிலவறையில், எல்லாருக்கும் பொதுவான சலவை அறைக்குப் பக்கத்தில் ஒரு மேசை போட்டுக்கொண்டார். துணி துவைக்க வருகிறவர்கள் ஒரு கையில் கூடையும் மறு கையில் வேக்யூம் கிளீனருமாக வர ஆரம்பித்தார்கள். காசு வாங்கமாட்டார். ஏலக்காய் பன் வாங்கிக்கொள்வார், புகைபோட்ட மீன் வாங்கிக்கொள்வார். அதோடு கொஞ்சம் பேச்சும் கேட்டாக வேண்டும். பை போட்ட ரகத்தில் பைதான் வடிகட்டி. அது நிறைந்துவிட்டால் மோட்டாருக்குக் காற்று கிடைக்காது, அந்தக் காற்றில்தான் மோட்டாரே குளிர்கிறது. பையில்லாத ரகத்தில் வடிகட்டியைக் கழுவ வேண்டும், கழுவினால் முழுக்கக் காயவிட வேண்டும். ஈரத்தோடு மாட்டியவர்கள் வீட்டில் நனைந்த நாய் வாடை அடிக்கும். கம்பு மாதிரி நிற்கும் பேட்டரி ரகத்தில் கோளாறு பெரும்பாலும் கீழே உருளையில் சுற்றிய தலைமுடியில்தான். எல்லாரும் திட்டுவதோ பேட்டரியை. சத்தம் கீச்சென்று ஏறினால் மோட்டார் பலமாக இழுக்கிறது என்று ஜனங்கள் சந்தோஷப்படுகிறார்கள். உண்மையில் காற்றே வரவில்லை, அதனால்தான் அது வெறுமனே சுற்றித் தவிக்கிறது.

இதையெல்லாம் சொல்வார். யாரும் கேட்கமாட்டார்கள். அதற்குச் சாட்சி க்னூட் நாள். ஜனவரி நடுவில் வரும் அந்த நாளோடு கிறிஸ்துமஸ் முடிந்தது, மரத்தைத் தூக்கி வெளியே போட வேண்டும். மூன்று வாரம் அடுப்புச் சூட்டில் காய்ந்த மரம் வாசல்வரை ஊசியிலைகளைக் கொட்டிக்கொண்டே போகும். ஊரே வேக்யூம் கிளீனரை எடுக்கும். ஊசியிலை குழாய் வளைவில் குறுக்கே விழுந்து, அதன்மேல் இன்னொன்று, அதன்மேல் இன்னொன்று என்று குருவிக்கூடு கட்டிவிடும். முதலில் துடைப்பத்தால் கூட்டுங்கள் என்று சலவை அறைக் கதவில் எழுதி ஒட்டிப் பார்த்தார். மறுநாள் அந்தத் தாளுக்குக் கீழேயே வேக்யூம் கிளீனர்கள் வரிசையாக நின்றன.

எழுபதைத் தாண்டிய பிறகு அவருக்கு வலது கை நடுங்க ஆரம்பித்தது. மருத்துவர் ஒரு நோயின் பெயர் சொன்னார், மாத்திரை கொடுத்தார். சிக்ஸ்டன் காபிக் கோப்பையை இடது கைக்கு மாற்றிக்கொண்டார். திருப்புளியை மாற்ற முடியவில்லை. அந்த ஆண்டு க்னூட் நாளுக்குச் சற்று முன்பு இரண்டாம் மாடி குன்ஹில்ட் தன் பழைய இயந்திரத்தைக் கொண்டுவந்தாள். பள்ளிக்கூடத்தில் சமையல் செய்து ஓய்வுபெற்றவள். நிலவறையில் பேசினால் மாடியில் கேட்கும் குரல். இயந்திரம் பை போட்ட ரகம், மோட்டாரில் பொறி பறந்தது. மோட்டாருக்குள் மின்சாரத்தைக் கடத்தும் கார்பன் பிரஷ் தேய்ந்திருந்தது, புதிது போட்டார். சின்ன வேலை. ஆனால் பிரஷை அழுத்திப் பிடிக்கும் ஸ்பிரிங் விரலிலிருந்து நழுவி சலவை இயந்திரத்துக்கு அடியில் ஓடியது. தரையில் படுத்துத் தேடினார். ஒருவழியாக எல்லாவற்றையும் மாட்டி, ஓட்டிப் பார்த்துக் கொடுத்தார். நன்றாகத்தான் ஓடியது.

க்னூட் நாளுக்கு மறுநாள் அது குன்ஹில்டின் வரவேற்பறையில் புகைந்தது. அவள் பிளக்கைப் பிடுங்கி, ஜன்னலைத் திறந்து, இயந்திரத்தை அப்படியே முற்றத்துப் பனியில் வீசிவிட்டாள். சிக்ஸ்டன் மேலே போனபோது அறை முழுக்க நாற்றம். கம்பளத்தில் ஒரு கருப்பு வட்டம். என்னத்தை எடுத்துக்கொண்டிருந்தாய் என்று கேட்டார். ஊசியிலைதான், வேறென்ன என்றாள் அவள், ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு. அன்று மாலையே பனி கொட்டியது. காலையில் பனி வாரும் வண்டி வந்து முற்றத்துப் பனியையெல்லாம் வடக்கு மூலையில் ஒரு குன்றாகக் குவித்துவிட்டுப் போனது. இயந்திரம் அதற்குள் எங்கோ போய்விட்டது.

குன்ஹில்ட் அவரைக் குறைசொல்லவில்லை. சலவை அறையில் கேட்டவர்களிடம், தானாகவே புகைந்துவிட்டது என்று மட்டும் சொன்னாள். அந்தத் 'தானாகவே'தான் சிக்ஸ்டனைப் பிடித்துக்கொண்டது. வேக்யூம் கிளீனர் தானாகப் புகையாது. மோட்டாருக்குப் போகும் வயரை அதன் பள்ளத்தில் திரும்ப அழுத்தி வைத்தோமா இல்லையா என்று யோசித்தார். ஸ்பிரிங்கைத் தேடியது நினைவிருந்தது. வயர் நினைவில்லை. பள்ளத்துக்கு வெளியே நின்றிருந்தால் சுற்றும் பாகத்தில் உரசியிருக்கும், தோல் உரிந்திருக்கும், தீப்பொறி கிளம்பியிருக்கும். மரவீடு. ஆறு குடும்பம்.

மேசையைக் காலி பண்ணினார். காத்திருந்த இயந்திரங்களை அவரவர் வாசலில் கொண்டுபோய் வைத்தார். கடைவீதியில் கொடுத்துப் பாருங்கள், எனக்குக் கண் சரியில்லை என்றார். கண் நன்றாகத்தான் இருந்தது.

இல்வா வடக்கே லூலியோவில் மின்வாரியத்தில் பொறியாளர். கோளாறு எங்கே என்று கண்டுபிடிப்பதுதான் அவள் வேலை. ஞாயிற்றுக்கிழமைதோறும் போனில் பேசுவாள்.

"பிரிச்சே பாக்கலையே. வயர்தான்னு எப்படிச் சொல்ற?"

"வேற என்னவா இருக்கும்?"

"அதத்தான் பிரிச்சுப் பாக்கணும். மண்வெட்டி இருக்குல்ல?"

"பனி கல்லாட்டம் இருக்கு. உருகட்டும்."

அவள் அதற்குமேல் கேட்கவில்லை. அவர் காலையில் ரொட்டி வாங்கப் போகும்போதெல்லாம் அந்தக் குன்றைச் சுற்றிக்கொண்டுதான் போனார். மண்வெட்டி நிலவறையில்தான் சாய்ந்து நின்றது. வயர்தான் என்று தெரிந்துவிட்டால் இனி ஒரு திருகாணியைக்கூடத் தொட முடியாது. தெரியாதவரைக்கும் அது இன்னும் முடிவாகவில்லை. பிப்ரவரி போனது, மார்ச் போனது. மாத்திரையின் அளவைக் கூட்டினார்கள். சலவை அறைக்குக்கூட ஆள் இல்லாத நேரமாகப் பார்த்துப் போனார்.

ஏப்ரலில் குன்று சுருங்கியது. சரளைக்கல்லும் அழுக்குமாகக் கருத்து, ஓரங்களில் தண்ணீர் ஒழுகியது. ஒரு காலையில் குழாயின் நுனி வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. சிக்ஸ்டன் ரொட்டிப் பையோடு நின்று பார்த்தார். கடந்து போனார். திரும்பி வந்தார். பையைப் படிக்கட்டில் வைத்துவிட்டு இரண்டு கையாலும் இழுத்தார்.

சில நாள் காயவிட்டார். அதுவே சாக்காகவும் இருந்தது. பிறகு ஒரு மதியம் விளக்கைக் கிட்டே இழுத்து வைத்துத் திறந்தார். மேல்மூடி உருகி வளைந்திருந்தது. பையை அப்புறம் பார்க்கலாம் என்று நேரே மோட்டாருக்குப் போனார். திருப்புளியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

வயர் பள்ளத்தில் இருந்தது. கடைசிவரை அழுத்தி, கட்டை விரலால் தடவிவிட்ட மாதிரி. பிரஷ் இரண்டும் இடத்தில் இருந்தன. அவை உரசும் செம்பு வளையத்தில் நல்ல பழுப்பு நிறம், ஒரு கருகல் இல்லை. வயரின் தோல் எங்கும் உரியவில்லை. மோட்டாருக்கு முன்னாலிருக்கும் சின்ன வடிகட்டியை உருவினார். மோட்டார் பக்கம் வெள்ளை. பை பக்கம் கரி.

நெருப்பு மோட்டாரிலிருந்து வரவில்லை. பையில் பிறந்து, அங்கே போக முடியாமல் நின்றிருக்கிறது.

பையில் மிஞ்சியதைச் செய்தித்தாளில் கொட்டினார். கருகிய ஊசியிலைகள். அவற்றுக்கிடையே மாவு மாதிரி சாம்பல் நிறத் தூள். விரலால் கிளறினார். பட்டாணி அளவில் மரக்கரித் துண்டுகள். பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார்.

குன்ஹில்ட் துணிக்கூடையோடு வந்தது அப்போதுதான். மேசையைப் பார்த்ததும் வாசலிலேயே நின்றுவிட்டாள்.

"கிடைச்சிடுச்சா?"

"கிடைச்சிடுச்சு. குன்ஹில்ட், கணப்புச் சாம்பலை இதாலயா எடுத்த?"

அவள் கூடையை இறக்கி வைத்தாள். "ஊசியிலை அடுப்பு வாசல்வரைக்கும் கிடந்துச்சு. கூடவே கொஞ்சம் சாம்பல். முந்தின நாள் எரிச்சது சிக்ஸ்டன். கை வெச்சுக்கூடப் பாத்தேன், சில்லுன்னு இருந்துச்சு."

"மேல நீறு பூத்து சில்லுன்னுதான் இருக்கும். உள்ள கங்கு மறுநாளும் உயிரோட கிடக்கும். அதைப் பிசின் ஊறின ஊசியிலையோட பையில போட்டு, விசிறியும் போட்டிருக்க. கொல்லன் பட்டறையிலகூட இவ்ளோ வசதி கிடையாது."

அவள் சிரிக்கவில்லை. "அன்னிக்கே எனக்குத் தெரியும்," என்றாள். நிலவறையில் அந்தக் குரல் அவ்வளவு சின்னதாகக் கேட்டது அதுவே முதல்முறை. அவள் மகன் ஏற்கெனவே முதியோர் குடியிருப்பில் பேர் கொடு, பேர் கொடு என்று அரித்துக்கொண்டிருந்தானாம். சாம்பலை உறிஞ்சி வீட்டைக் கொளுத்தப் பார்த்தாள் என்று தெரிந்தால் அடுப்பையும் அடைத்துவிட்டு அவளையும் தூக்கிக்கொண்டு போயிருப்பானாம். "அதான் வாயத் திறக்கல. நீ மேசைய மூடுவேன்னு நெனைக்கல. கண்ணு சரியில்லன்னு சொன்ன, நானும் நம்புற மாதிரி நம்பிக்கிட்டேன்."

சிக்ஸ்டன் கேட்டுக்கொண்டிருந்தாரா என்பதே சந்தேகம். "அப்ப வயர் இல்ல," என்றார்.

"என்ன வயரு?"

"நான் வெச்ச வயரு."

"உன் வயரப் பத்தி யாருய்யா பேசினா?"

அவர் சிரித்தார். முதலில் சத்தமில்லாமல், பிறகு ஸ்டூல் ஆடும்படி. குன்ஹில்ட் பயந்துபோய், திட்டிவிடு, ஒரு குளிர்காலத்தையே கெடுத்திருக்கிறேன், இரண்டு வார்த்தை திட்டினால்தான் எனக்கும் மனசு ஆறும் என்றாள்.

"அப்புறமா திட்டுறேன்," என்றார் கண்ணைத் துடைத்தபடி. "இப்ப நேரமில்ல."

அவர் திட்டவே இல்லை. அவளே மாடிப்படியில் எதிர்ப்பட்டவர்களிடமெல்லாம் கதையைச் சொன்னாள். மாலைக்குள் அந்தக் கரித்துண்டு முட்டை அளவுக்கு வளர்ந்துவிட்டது. மகனிடமும் சொன்னாள். அவன் கொஞ்சம் குதித்துவிட்டு, மூடி போட்ட தகர வாளி ஒன்றை வாங்கிவந்து அடுப்புப் பக்கத்தில் வைத்துவிட்டுப் போனான். சிக்ஸ்டனுக்கு அதன் பிறகு இரண்டு க்னூட் நாள் வாய்த்தது. இரண்டிலும் மேசை நிரம்பியிருந்தது.

இயந்திரத்தைத் திறந்த அன்று மதியமே அவர் இல்வாவுக்குப் போன் செய்தார். வேலை நேரத்தில் அவர் கூப்பிட்டதே கிடையாது. அவள் பதறிப்போய் எடுத்தாள்.

"நான் இல்ல," என்றார்.

அவளுக்குப் புரிய ஒரு நொடி ஆனது. உடனே சந்தோஷப்படவில்லை. அப்படிச் சந்தோஷப்பட்டால் அவர் நம்பமாட்டார் என்று தெரியும். வயர் எப்படி இருக்கிறது என்று கேட்டாள். பள்ளத்தில் என்றார். பிரஷ்? ஸ்பிரிங்? செம்பு வளையத்தின் நிறம்? ஒவ்வொன்றுக்கும் பதில் தயாராக இருந்தது.

"மோட்டார் ஃபில்டர்?"

"பை பக்கம் கரி. மோட்டார் பக்கம் வெள்ளை."

"அப்ப நீ இல்லப்பா," என்றாள்.

அவருக்கு ஏற்கெனவே தெரியும். ஆனாலும் அவள் சொல்லிக் கேட்டபோது, போனைக் காதிலிருந்து எடுத்து நெஞ்சில் வைத்துக்கொண்டார். திரும்பக் காதில் வைத்தபோது அவள் அடுத்த கேள்வியைக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"கை எப்படி இருக்கு?"

"நடுங்குது. ஒரு ஸ்பிரிங் போடவே நேரமாகுது. ஆனா போட்டது நிக்குது."