ரெண்டடி தள்ளிய விமானம்

1

காலை ஆறு பத்துக்கு மெட்ராஸிலிருந்து வளைகுடாவுக்குக் கிளம்ப வேண்டிய விமானம். ஐந்து ஐம்பதுக்கு விமானி அறையில் இடப்பக்க ஃப்ளைட் மேனேஜ்மெண்ட் கம்ப்யூட்டரின் திரை இருண்டது. எண்பதுகளின் கடைசி. அந்த ரக விமானம் எங்களிடம் வந்து எட்டு மாதம்தான் ஆகியிருந்தது. போகும் பாதை, ஏறும் வேகம், எரிபொருள் எல்லாவற்றையும் தானே கணித்துச் சொல்லும் பெட்டி அது. நான் அதைக் கவனிக்கும் எலக்ட்ரானிக்ஸ் இன்ஜினியர்.

முதல் வைத்தியம், சர்க்யூட் பிரேக்கரை இழுத்துவிட்டுப் பத்து எண்ணி, திரும்ப அழுத்துவது. தயாரித்தவர்களின் கையேட்டிலேயே அப்படித்தான் இருந்தது. போடிமெட்டு ஏற்றத்தில் ஜீப்பு டிரைவர் பேட்டரி வயரைக் கழற்றி மாட்டுவதும் இதேதான். நாங்கள் செய்தால் கீழே ஒரு கையெழுத்தும் போடுவோம், அவ்வளவுதான் வித்தியாசம்.

திரை உயிர் பெற்றது. ஆனால் மின்சாரம் போய் வந்ததில், விமானம் எங்கே நிற்கிறது என்பதைச் சொல்லும் இனர்ஷியல் கருவி எல்லாவற்றையும் மறந்திருந்தது. நிற்கும் இடத்தைப் புதிதாக அடித்துக் கொடுக்க வேண்டும். பிறகு பத்து நிமிடம் விமானம் அசையாமல் நிற்க வேண்டும். இதற்கு அலைன்மெண்ட் என்று பெயர். நடுவில் நகர்ந்தால் முதலிலிருந்து தொடங்கும்.

ஆறு நாலுக்குத் தொடங்கிவிட்டு, கதவோரம் வைத்திருந்த பதிவேட்டை எடுக்க வந்தேன். மூன்றாவது வரிசையில் இருந்து ஒரு கை என் சட்டையைப் பிடித்தது. போடியில் ஏலக்காய்க் கமிஷன் மண்டி வைத்திருக்கும் பெத்தணன். என் அக்காள் வீட்டுக்காரரின் பங்காளி. மடியில் ஒரு பிஸ்கட் டப்பா, உள்ளே பொறுக்கியெடுத்த எட்டு மில்லிமீட்டர் பருமன் பச்சைக் காய், சாம்பிளுக்கு.

"என்ன மாப்ளே, வண்டி கெளம்பலையா?"

"எங்க நிக்கிறோம்னு கம்ப்யூட்டருக்குத் தெரியலை மச்சான்."

"மெட்ராஸ்லதான் நிக்கிறோம். எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருந்தா நான் சொல்லியிருப்பேன்ல." பிறகு குரலைத் தணித்துக்கொண்டார். "வெரசாப் பாரு அப்பு. பத்து மணிக்கு அந்த அரபிக்காரனைப் பாக்கணும். பதினோரு மணிக்குக் குவாத்தமாலாக்காரன் வந்து உக்காந்துருவான். அவன் காயி பாதி விலை."

சரியாகக் கிளம்பினால் அந்த ஊர் நேரப்படி எட்டு நாற்பதுக்கு இறங்கலாம். நேரம் இருந்தது.

ட்யூட்டி மேனேஜருக்குத்தான் நேரம் இல்லை. அவர் நாற்காலிக்குப் பின்னால் நேரம் தவறாத புறப்பாடுகளின் பட்டியல் தொங்கும். சக்கரம் உருண்ட நிமிடமே புறப்பட்ட நிமிடம் என்பது விதி. அதனால் எங்கள் நிலையத்தில் பழைய விமானங்கள் எத்தனையோ முறை ரெண்டடி பின்னால் தள்ளப்பட்டு, 'புறப்பட்ட' பிறகு நிதானமாகப் பழுது பார்க்கப்பட்டிருக்கின்றன. அந்த விமானங்களுக்கு அதனால் ஒன்றும் ஆகவில்லை.

ஆறு ஒன்பதுக்கு, நான் விமானி அறைக்குத் திரும்பியிருந்தபோது, ஹெட்செட்டில் கீழிருந்து மேனேஜரின் குரல் வந்தது. "கேப்டன், கதவைச் சாத்தியாச்சு, ஏணியையும் எடுத்தாச்சு. பிரேக்கை விடுங்க. ரெண்டடி தள்ளி நிறுத்திக்கலாம்."

நான் குறுக்கிட்டேன். "சார், அலைன்மெண்ட் ஓடுது. அஞ்சு நிமிஷம் விடுங்க."

"ரெண்டடிதான்யா. கம்ப்யூட்டருக்கு எப்படித் தெரியும்?"

"அது தெரியணும்னுதான் சார் வாங்கியிருக்கோம்."

கேப்டனின் பெயரும் பட்டியலில் இருந்தது. பிரேக்கை விட்டார். சரியாக ஆறு பத்து. அலைன்மெண்ட் விளக்குகள் மூன்றும் சிமிட்டத் தொடங்கின.

மறுபடி பத்து நிமிடம். எட்டாவது நிமிடத்தில், கீழே போய்விட்ட எடைக் கணக்குத் தாளான லோடு ஷீட்டில் கேப்டனின் கையெழுத்து விடுபட்டது தெரிந்தது. கதவைத் திறக்க ஏணி வேண்டும். பின்னால் தள்ளியதில் ஏணி கதவுக்குப் பொருந்தவில்லை. ஏணியை நகர்த்த யாருக்கும் தோன்றவில்லை. விமானத்தை ரெண்டடி முன்னால் இழுத்தார்கள். விளக்குகள் திரும்பவும் சிமிட்டின.

மூன்றாம் முறை எல்லாவற்றையும் அணைத்துப் போட்டபோது இடப்பக்கப் பெட்டி எழுந்திருக்கவே இல்லை. ஸ்டோரிலிருந்து வேறு பெட்டி கொண்டுவந்து மாட்டினேன். பதிவேட்டில் நேரம் எழுதினேன், ஆறு ஐம்பத்தைந்து. விமானம் ஏழு இருபத்தைந்துக்குப் போனது. புறப்பாட்டுப் பட்டியலில் ஆறு பத்து என்று ஏறியது.

2

அடுத்த மாதம் விடுப்பில் போடிக்குப் போனேன். மண்டியில் பெண்கள் சல்லடையில் காய் தரம் பிரித்துக்கொண்டிருந்தார்கள். பெத்தணன் என்னிடம் ஒரு காகிதத்தை நீட்டினார். அவர் எழுதிக் கேட்டதற்கு எங்கள் கம்பெனி அனுப்பிய கடிதம். விமானம் ஆறு பத்துக்கு, நேரத்தில் புறப்பட்டதாக அதில் இருந்தது.

"நான் போய்ச் சேரும்போது பதினொண்ணே கால். வண்டி லேட்டுன்னேன். அந்த அரபிக்காரன் போனைப் போட்டு உங்க ஆபீஸ்ல கேட்டான். லேட்டே இல்லைன்னுட்டாக. ஆர்டர் போனாப் போகுது மாப்ளே. பொய் சொல்றவன்கிட்டச் சரக்கு எடுக்க மாட்டேன்னுட்டான். இனி போடிக்காரன் எவன் போனாலும் டப்பாவைத் தொறக்க விட மாட்டான். நீ ஒத்த வரி எழுதிக் குடு."

வேலையில் இருப்பவன் கம்பெனிக்கு எதிராகக் கடிதம் கொடுக்கக் கூடாது. தெரிந்தேதான் எழுதினேன். 'அன்று காலை ஆறு ஐம்பத்தைந்துக்கு, மெட்ராஸில் நின்றிருந்த அந்த விமானத்தில் நான் ஒரு கம்ப்யூட்டரை மாற்றினேன்.' கையெழுத்து, லைசென்ஸ் எண். வேறெதுவும் சேர்க்கவில்லை.

அரபிக்காரர் அந்தக் கடிதத்தின் நகலை எங்கள் அலுவலகத்துக்கே அனுப்பி விளக்கம் கேட்டார். ட்யூட்டி மேனேஜர் என்னைக் கூப்பிட்டார்.

"உன்னை யாருய்யா எழுதச் சொன்னது?"

"சார், ஆறு பத்துக்குக் கிளம்பின விமானத்துல ஆறு அம்பத்தஞ்சுக்குப் பெட்டி மாத்தினதா லாக் புக்ல இருக்கு. நான் எங்க தொங்கிக்கிட்டு மாத்தினேன்னு நீங்களே அவருக்கு எழுதிடுங்க."

அவர் பேனாவை என் பக்கம் தள்ளினார். "லாக்ல டைமை ஆறு மணின்னு திருத்திடு. சோலி முடிஞ்சுது."

"திருத்துறேன் சார். திருத்தச் சொல்லி ஒரு வரி எழுதிக் குடுங்க."

என்னைப் பட்டறைக்கு மாற்றினார்கள். வெயில் படாத இடம், பழுதான பெட்டிகள் மேசைக்கே வரும். அந்த ஆண்டு நேரந்தவறாமைக்கான கேடயம் எங்கள் நிலையத்துக்குத்தான் கிடைத்தது. மேனேஜர் கம்பெனியின் பெயரில் அரபிக்காரருக்கு விளக்கம் எதுவும் அனுப்பவில்லை. அரபிக்காரர் என் கடிதத்தையே நம்பி, அடுத்த அறுவடையில் பெத்தணனின் டப்பாவைத் திறந்து பார்த்தார். பாதிச் சரக்குதான் எடுத்தார். மீதி குவாத்தமாலா.

புதிதாக லைசென்ஸ் வாங்கும் பிள்ளைகள் என்னிடம் கம்ப்யூட்டரைப் பற்றித்தான் கேட்கிறார்கள். அது கையேட்டில் இருக்கிறது. நான் சொல்வதற்கு ஒன்றுதான் உண்டு. பதிவேட்டில் கடிகாரத்தில் பார்த்த நேரத்தை எழுதுங்கள். மாற்றச் சொன்னால் மறுக்காதீர்கள், எழுத்தில் கேளுங்கள். அதன்பிறகு பதினோரு ஆண்டு அதே நிலையத்தில் இருந்தேன். அந்த ஒரு வரியை மேனேஜர் கடைசிவரை எழுதித் தரவில்லை.