செனோவியா வண்டி எடுக்கிறாள்

டிராம் வண்டியை எடுப்பதற்கு முன் செனோவியா வாந்தி எடுப்பாள். பணிமனையின் பின்சுவருக்கும் கழற்றிப்போட்ட பழைய சக்கரங்களுக்கும் நடுவே ஒரு சந்து. அங்கே குனிந்து, ஒரு கையால் சுவரைப் பிடித்துக்கொண்டு, மறுகையால் தலைத்துணி நுனியைத் தூக்கிக்கொண்டு. பிறகு குழாயில் வாயைக் கொப்பளிப்பாள். பையிலிருந்து சின்னத் துணிமுடிச்சை எடுத்து அவிழ்த்து, ஞாயிறு பூசையில் கொடுத்த ஆசீர்வாத ரொட்டியில் ஒரு துண்டை வாயில் போட்டுக்கொள்வாள். கல்லாகக் காய்ந்துபோன ரொட்டி. ஊறும்வரை கடிக்கமாட்டாள்.

மெக்கானிக் ஓவிடியு ஒருநாள் இதைப் பார்த்துவிட்டான்.

"ஏங்க்கா, வாந்தி எடுத்த வாயிலயா சாமி ரொட்டியப் போடுற? பாவமில்ல?"

"அவரு இதவிட நாறுன எடத்துக்கெல்லாம் போயிட்டு வந்தவருடா. நீ போயி அந்தக் கதவுக்கு எண்ணெய் போடு. கீச்சுகீச்சுன்னு உயிர வாங்குது."

செனோவியாவுக்கு வயது ஐம்பத்து மூன்று. கட்டை குட்டையான உடம்பு. நாற்காலியை எவ்வளவு முன்னால் இழுத்தாலும் கால் எட்டாது. முதுகுக்குத் தலையணை வைத்துக்கொள்வாள். செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, கம்பளிக் காலுறையோடுதான் மிதிகளில் கால் வைப்பாள். "செருப்புப் போட்டா வண்டி என்ன சொல்லுதுன்னு காலுக்குக் கேக்காது" என்பாள். நிறுத்தங்களின் பெயரைச் சொல்ல ஒலிபெருக்கியில் பதிவுசெய்த குரல் உண்டு. அதை நம்பாமல் தானும் ஒருமுறை கத்துவாள். "சந்தை, சந்தை! தூங்குற மகராசனுங்கல்லாம் எந்திரிங்க!" கலாட்ஸ் நகரத்து உருக்காலைக்குக் காலை ஷிஃப்ட் போகிறவர்களுக்கு அந்தக் கத்தல்தான் இரண்டாவது காபி.

நாலு குளிர்காலத்துக்கு முன் டான்யூப் ஆற்றிலிருந்து மூடுபனி ஏறிவந்த ஒரு காலையில், நின்றிருந்த ரொட்டி வேனுக்குப் பின்னாலிருந்து ஒரு பெண் தண்டவாளத்தில் ஓடிவந்தாள். பெயர் ஒதிலியா, இருபத்திரண்டு வயது, மருந்துக்கடையில் வேலை. செனோவியா மணியடித்தாள், பிரேக்கை அழுத்தினாள். வழுக்காமலிருக்க வண்டியே தூவும் மணல் சக்கரத்தடியில் கொட்டியது. டிராம் வழுக்கிக்கொண்டே போனது.

ஓட்டுநர்மேல் குற்றம் இல்லை என்று விசாரணையில் எழுதினார்கள். வேகம் சரி, பிரேக் சரி, மணி அடித்தது சரி. ஆனால் வீட்டில் ஒரு கரண்டி கீழே விழுந்தால் போதும், செனோவியாவின் நெஞ்சில் யாரோ முழங்காலை வைத்து அழுத்துவார்கள். உள்ளங்கை வியர்க்கும், நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும், இதோ சாகப்போகிறேன் என்று கதவைத் திறந்துகொண்டு மாடிப்படிக்கு ஓடுவாள். துறைமுகத்தில் மூட்டை தூக்கும் அவள் கணவன் கொஸ்தாக்கே பின்னாலேயே கோட்டை எடுத்துக்கொண்டு ஓடுவான். டாக்டர் மாத்திரை கொடுத்தார். மாத்திரை சாப்பிடுகிறவர்கள் வண்டி ஓட்டக்கூடாது. ஆகவே பணிமனையில் டிராம்களைக் கழுவும் வேலை. பக்கவாட்டைத் தேய்ப்பாள், உள்ளே பெருக்குவாள். முன்பக்கத்துக்கு மட்டும் போகமாட்டாள். அதை வேறு யாராவது கழுவ வேண்டும்.

ஈஸ்டருக்கு ஈஸ்டர் கோவிலுக்குப் போகிறவள், தினமும் போக ஆரம்பித்தாள். பக்தி என்று சொல்ல முடியாது. தண்டவாளச் சத்தம் கேட்காத இடம் அந்தப் பக்கத்தில் அது ஒன்றுதான். ஒரு வருஷம் போனபின், தன் கடைசித் தம்பி வயதிருக்கும் பாதிரியார் வலேரியுவிடம் சண்டைக்கே போய்விட்டாள்.

"மெழுகுவத்தி ஏத்துனேன், நோன்பிருந்தேன், முட்டி தேய மண்டி போட்டேன். நேத்திக்கும் மாடிப்படியில நின்னு நடுங்குறேன் சாமி. உங்க ஆண்டவரு என் பக்கம் திரும்பவேயில்ல."

அவர் மெழுகு சுரண்டிக்கொண்டிருந்த கத்தியைக் கீழே வைத்தார். "அக்கா, பூசையில திராட்சரசத் திருக்கிண்ணத்த எடுத்துக்கிட்டு நான் வெளிய வர்றப்போ என் கையப் பாத்திருக்கியா?"

"நடுங்கும். குடிக்கிறீங்கன்னு பேசிக்கிறாங்க."

"பேசிக்கிறாங்களா?" சிரித்துவிட்டார். பிறகு சிரிப்புப் போய்விட்டது. "பயம்க்கா. சிந்திருமோங்குற பயம். குருப்பட்டம் வாங்குன நாள்லேர்ந்து இருக்கு. சில ஞாயித்துக்கெழம பாத்ரூம்ல உக்காந்து அழுதிருக்கேன். பயத்த எடுத்துரும், எடுத்துரும்னு கேட்டுக் கேட்டு அலுத்துப்போயி, ஒருநாள் மாத்திக் கேட்டேன். அது இருந்துட்டுப் போவுது, நீரும் கூட இரும்னு."

"இருந்தாரா?"

"இன்னும் சிந்தல."

கோபத்தோடுதான் வீட்டுக்குப் போனாள். இது ஒரு பதிலா என்று கொஸ்தாக்கேயிடம் பொரிந்து தள்ளினாள். அவன் மக்காச்சோளக் களியைக் கிளறிக்கொண்டே, "அந்தாளு பயந்துக்கிட்டேதான் நம்ம மக கல்யாணத்த நடத்தி வெச்சாரா? தெரியாமப்போச்சே" என்றான்.

மறு வாரம் தண்ணீர்க் குழாயை இழுத்துக்கொண்டுபோய் ஒரு டிராமின் முன்பக்கத்தைக் கழுவினாள். பாதியில் கால் மடங்கி ஈரத்திலேயே உட்கார்ந்துவிட்டாள். ஓவிடியு தூக்கிவிட வந்தான். "தொடாத. உக்காந்துட்டு எந்திரிப்பேன்" என்றாள். எழுந்தாள், மிச்சத்தைக் கழுவினாள். அப்படிக் கழுவிக் கழுவி, மாத்திரை குறைந்து, சோதனைகளெல்லாம் முடிந்து மறுபடி வண்டியில் ஏறியபோது குளிர்காலம் இன்னொன்று கழிந்திருந்தது. அன்றைக்குத்தான் அந்தச் சந்தில் முதல் வாந்தி. ஒவ்வொரு நிறுத்தத்திலும் கதவு திறக்கும்போது வாய்க்குள் முணுமுணுப்பாள்: "ஏறும் ஆண்டவரே." முன்னால் நிற்கிற கிழவர்கள் தங்களைத்தான் சொல்கிறாள் என்று நினைத்து, நன்றி சொல்லிவிட்டு ஏறுகிறார்கள்.

ஒதிலியாவின் தாய் அஸ்பாசியா அந்தத் தடத்தில் டிராம் ஏறுவதில்லை. சந்தைக்கும் கல்லறைக்கும் நடந்தேதான் போவாள். தண்டவாள ஓரம் அவளுடைய கறுப்புக் கோட்டு தெரிந்தால் செனோவியா வேகத்தைக் குறைத்து, ஊர்ந்து கடப்பாள்.

இந்த மார்ச்சில் ஒருநாள் அஸ்பாசியா முன்கதவு வழியாக ஏறினாள். உட்காரவில்லை. ஓட்டுநர் அறையின் கண்ணாடியை ஒட்டி நின்றுகொண்டாள். செனோவியாவின் காலுக்கு எதுவும் கேட்கவில்லை. வண்டி தானாகப் போனதா, தான் ஓட்டினாளா என்று அவளுக்கு இன்றும் தெரியாது. நிறுத்தங்களைக் கத்தவில்லை. கடைசி நிறுத்தத்தில் எல்லோரும் இறங்கிப் போனார்கள். அஸ்பாசியா இறங்கவில்லை.

"நீதான?"

"நான்தான்."

"எம்மக ஏதாச்சும் சொன்னாளா?"

விசாரணையில் வேகம் கேட்டார்கள், பனி கேட்டார்கள், பிரேக் எண்ணெய்கூடக் கேட்டார்கள். இதை யாரும் கேட்டதில்லை. செனோவியா அறையின் கதவைத் திறந்தாள்.

"குளுருதுன்னு சொல்லுச்சு. என் கோட்டக் கழட்டிப் போத்துனேன். ஆம்புலன்ஸ் வர்றவரைக்கும் கீழ கூடவே படுத்திருந்தேன்."

"ஜெபம் சொன்னியா?"

"ஒண்ணுகூட முழுசா ஞாபகம் வரலம்மா. 'ஆண்டவரே வாரும், ஆண்டவரே வாரும்'னு அது மட்டுந்தான்."

"அவளுக்குக் கேட்டுச்சா?"

"கையப் புடிச்சிருந்தா. இறுக்குனா."

"எனக்காகச் சொல்லாத."

"உங்களுக்காகச் சொல்லல. பொய் சொல்றதா இருந்தா, அம்மாவக் கூப்பிட்டான்னு சொல்லியிருப்பேன்."

அஸ்பாசியாவின் வாய் கோணியது. பையைச் சரிசெய்துகொண்டு இறங்கினாள்.

கல்லறை தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம். அவள் சுற்றிப்போகவில்லை, டிராமின் மூக்குக்கு நேரே வந்து, தண்டவாளத்தின் நடுவில் நின்று, கண்ணாடி வழியாக மேலே பார்த்தாள்.

செனோவியா பிரேக்கைப் பூட்டி மிதிகளிலிருந்து கால்களை எடுத்தாள், கைப்பிடிகளிலிருந்து இரண்டு கைகளையும் எடுத்தாள். உள்ளங்கை அவளுக்குத் தெரியும்படி தலைக்குமேல் உயர்த்தி, அவள் கடந்து போகும்வரை அப்படியே வைத்திருந்தாள்.