கோமளா கொடுத்த புகார்

சூலூர்ப் பக்கம் ஒரு நூல் மில்லில் கோமளா நூல் சுற்றும் வைண்டிங் வேலை பார்த்துக்கொண்டிருந்தாள். தொண்ணூற்றிரண்டு சித்திரையில், பட்டப்பகலில், குடோனுக்குப் போனவளைச் சூப்பர்வைசர் தனபால் கதவைச் சாத்திவிட்டுக் கட்டிப்பிடித்தான். அவன் கையைக் கடித்துவிட்டுக் கிழிந்த ஜாக்கெட்டோடு வெளியே ஓடி வந்தாள். மறுநாளே புருசன் அங்கப்பனைக் கூட்டிப்போய்ப் போலீசில் புகார் கொடுத்தாள். அந்த வாரமே அவளுக்கு மில் வேலை போயிற்று.

மில்காரர்கள் ஆள் அனுப்பினார்கள். "மன்னிப்புக் கேட்கச் சொல்றோம் அம்மணி, கேசை வாபஸ் வாங்கிக்க."

"கோர்ட்டுல வந்து கேக்கட்டுங்க."

அதன்பிறகு ஒரு தறிப்பட்டறையில் நூல் சுற்றிப் பிழைத்தாள். கூலி வாங்கிய கையோடு ஸ்டேஷனுக்குப் போய் நிற்பாள். ஏட்டு ஐயாசாமி நிமிர்ந்துகூடப் பார்க்கமாட்டார். "குற்றப்பத்திரிகை எழுதிட்டுத்தான் இருக்கறோம், போ." இன்ஸ்பெக்டர் மாறினார், தேர்த் திருவிழா பந்தோபஸ்து வந்தது, இன்னொரு இன்ஸ்பெக்டரும் மாறினார்.

ஒருவழியாகத் தொண்ணூற்றைந்து ஆடியில் வழக்கு கோவைக் கோர்ட்டுக்கு வந்தது. நாலு பேர் முன்னால் சொல்லக் கூசுகிற வார்த்தைகளையெல்லாம் பஸ்ஸில் போகும்போதே மனதுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டாள். ஆனால் கூண்டில் ஏற அவளை யாரும் கூப்பிடவில்லை. இந்தக் குற்றத்துக்கு உச்சபட்சத் தண்டனையே இரண்டு வருடம்தான், அப்படிப்பட்ட வழக்கு மூன்று வருடத்துக்குள் கோர்ட்டுக்கு வந்திருக்க வேண்டும் என்றார் தனபாலின் வக்கீல். தாமதத்துக்குப் போலீஸ் காரணம் எதையும் எழுதித் தரவில்லை. மாஜிஸ்திரேட் தனபாலை விடுவித்தார்.

வராந்தாவில் அரசு வக்கீலை மறித்தாள். "நான் மறுநாளே சொல்லிப்போட்டனுங்களே?"

"நீ போலீசுல சொன்ன நாள் கணக்கில்லம்மா. கேசு கோர்ட்டுக்கு வந்த நாள்தான் கணக்கு."

நேரே ஸ்டேஷனுக்குப் போனாள். "ஏனுங்க, எனக்கு மூணு வருசம்னு கெடு வச்சிருக்கறாங்க. எழுதாம வச்சிருந்த உங்களுக்குக் கெடு இல்லீங்களா?"

ஐயாசாமி முதல்முறையாக நிமிர்ந்து பார்த்தார். "வெளியே போ."

கார்த்திகையில் தனபால் மேனேஜரானான். பொய்க் கேசு என்று கோர்ட்டே சொல்லிவிட்டதாக ஊர் பேசியது. ரேஷன் கடை வரிசையில் ஒருத்தி முகத்துக்கு நேராகவே கேட்டாள். "அப்படிச் சொல்லலீங்க. அவன் செஞ்சானா இல்லையான்னு அங்க யாருமே கேக்கலீங்க" என்று கோமளா ஆரம்பித்தாள். அவள் முடிப்பதற்குள் வரிசை நகர்ந்துவிட்டது.

"போத்தனூர்ல எங்க அண்ணன் ஊட்டுப் பக்கம் போயிரலாம்" என்றான் அங்கப்பன்.

"தப்புப் பண்ணுனவன் இங்கயே இருக்கறான். நான் எதுக்குங்க போகோணும்?"

ஊர்ப் பேச்சுக்கு அஞ்சி டீக்கடைக்குப் போவதை அங்கப்பன் நிறுத்தி மாதக்கணக்காகிவிட்டது அவளுக்கும் தெரியும். தை பிறந்ததும் வீட்டைக் காலி செய்தார்கள். டெம்போவில் பாத்திரம் ஏற்றும்போது, ஏன் போகிறீர்கள் என்று பக்கத்து வீட்டுக்காரி கேட்டாள்.

"அவருக்கு அங்க வேலை கெடச்சிருச்சுங்க" என்றாள் கோமளா.

அப்படி ஒரு வேலையே இல்லை.