ஜெயந்தி சொன்னதும் நான் சொன்னதும்

போன மாதம் ஒரு பாடசாலை அலுவலகத்தில் மொழிபெயர்ப்பாளராக இருந்தேன். சம்பளமில்லாத வேலைதான். கொஞ்சம் பிரெஞ்சு தெரிந்த எங்கள் ஆட்கள் யார் இதில் தப்பியிருக்கிறீர்கள்?

கூப்பிட்டவர் பக்கத்து வீட்டு ஜெயந்தி. மட்டக்களப்புக்காரர். இந்த நகரத்து ஜான்-டலோன் சந்தையில் மரக்கறி விற்கிறார். மகள் அபிஷாவுக்குப் பதின்மூன்று வயது. வகுப்பில் ஒரு வெள்ளைக்காரப் பிள்ளை வாரக்கணக்காக அவளை ‘அழுக்கு’ என்றே கூப்பிட்டிருக்கிறாள். ஒருநாள் பின்னால் வந்து தலைமுடியைப் பிடித்து இழுத்தாள். அபிஷா திரும்பித் தள்ளிவிட்டாள். நடந்தது அவ்வளவுதான்.

இழுத்தவளுக்கு அறிவுரை. தள்ளியவளுக்கு மூன்று நாள் இடைநிறுத்தம் — கூடவே கோப்பில் ‘வன்முறைப் போக்கு’ என்றொரு குறிப்பு.

பாடசாலைத் துணை அதிபர் மரியாதையான மனிதர். குடிக்கக் கோப்பி வேண்டுமா என்று கேட்டார். மற்றப் பிள்ளையைப் பற்றித் தன்னால் பேச முடியாது என்றார். அபிஷாவின் குரல் பெரிது, பார்வை சரியில்லை, ஆசிரியர்கள் பயப்படுகிறார்கள் என்றார். யாருக்கு? நாற்பது கிலோகூட இல்லாத ஒரு பிள்ளைக்கு...

எல்லாவற்றையும் கேட்டுவிட்டு ஜெயந்தி என் பக்கம் திரும்பினார்.

“என்ட பிள்ளை கறுப்பு எண்டதாலதானே இவளுக்கு மட்டும் தண்டனை? நான் சொன்ன மாதிரியே அவரிட்டச் சொல்லுங்க அக்கா.”

சொன்னேன். எப்படி? ‘இரண்டு பிள்ளைகளையும் ஒரேமாதிரி நடத்தியிருக்கலாமோ என்று தாயார் யோசிக்கிறார்.’ துணை அதிபர் புன்னகைத்து ‘மெர்சி’ என்று நன்றி சொன்னார். ஜெயந்தி குழம்பிப்போனார். இப்படிக் கேட்டபிறகும் ஒருவர் எப்படிச் சிரிப்பார்?

பக்கத்தில் இருந்த அபிஷா என்னையே பார்த்தாள். அவளுக்கு இரண்டு மொழியும் தெரியும்.

என்னோடு எப்போதும் பிரெஞ்சில் கதைக்கிற பிள்ளை, பஸ் தரிப்பில் வைத்துத் தமிழில் சொன்னாள்: “அன்ரி, அம்மா சொன்னதை நீங்க சொல்லல்ல.”

ஏன் சொல்லவில்லை? துணை அதிபர் கோபித்தால் பிள்ளைக்குத்தான் கஷ்டம் என்று மூன்று நாள் எனக்கே சமாதானம் சொல்லிக்கொண்டேன். உண்மை வேறு. அந்த அறையில் நான் நல்ல பெயர் எடுக்கப் பார்த்தேன். இருபது வருடப் பழக்கம் — லேசில் விடுமா?

நாலாம் நாள் ஜெயந்தியிடம் போய் ஒப்புக்கொண்டேன். அவர் திட்டவில்லை. திட்டியிருக்கலாம். இருவருமாக இருந்து பாடசாலைக்குக் கடிதம் எழுதினோம்; அவர் கேட்ட கேள்விதான் முதல் வரி. இரண்டு கிழமையில் பதில் வந்தது: பரிசீலித்தோம், கோப்பில் மாற்றமில்லை.

அபிஷா இப்போது வகுப்பில் கை உயர்த்துவதில்லை. இடைவேளையில் நூலகத்தில் தனியே இருக்கிறாள். போன கிழமை பெற்றோர் சந்திப்புக்கும் நான்தான் கூடப் போனேன். ஆசிரியைக்கு ஒரே சந்தோஷம். அபிஷாவிடம் நல்ல முன்னேற்றமாம். அவள் இருப்பதே தெரியவில்லையாம்.

முன்னேற்றம் என்ற சொல்லைக் கேட்டு ஒரு தாய் அழுததை அன்றைக்குத்தான் பார்த்தேன்.