பப்ஸ் மாவுக்கு வைத்த கணப்பு

அன்றைக்குக் கடையின் பின்கட்டில் இருந்தவர்கள்: முதலாளி பாய். அடுப்புக்காரர், சிலோனிலிருந்து திரும்பி வந்த குடும்பத்தைச் சேர்ந்தவர். காய் நறுக்குகிற பிள்ளை, பூம்பாறையில் பிறந்து அட்டுவம்பட்டியில் வாழ்க்கைப்பட்டவள். அவள் வயிற்றில் ஒன்று, ஏழாம் மாதம். அப்புறம் நான், மாவு தேய்ப்பவள்.

அவளுக்கு முந்தி இரண்டு தங்கவில்லை. ஏழு மாதம் வரைக்கும் வந்தது இது ஒன்றுதான். யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. பாரம் தூக்க விடமாட்டோம். உட்கார்ந்து நறுக்கட்டும் என்று பாய் ஒரு ஸ்டூல் வாங்கிப் போட்டிருந்தார்.

தை மாதம். வெளியே புல்லெல்லாம் வெள்ளையாக உறைந்து கிடந்தது.

கீழே மதுரைப் பக்கம் பப்ஸ் போடுகிறவர்கள் மார்ஜரின் உருகிவிடக் கூடாதென்று ஐஸ் வைப்பார்கள். இங்கே மலையில் பனிக்காலத்தில் அது தலைகீழ். மார்ஜரின் கல்லாகிவிடும். மாவுக்குள் வைத்துத் தேய்த்தால் ஓடு மாதிரி உடையும். உடைந்தால் அடுக்கு வராது. பப்ஸ் சப்பையாகக் கிடக்கும். அதனால் மேஜைக்குப் பக்கத்தில் கணப்பு வைப்போம். அடுப்பிலிருந்து தணலைத் தகரச் சட்டியில் அள்ளி வைப்பது, அவ்வளவுதான். நான் வேலைக்கு வந்த நாளிலிருந்து அப்படித்தான். சுவரின் மேலே ஒரு சந்து உண்டு. புகையோ காற்றோ, போக வேண்டியது அதன் வழியாகப் போய்விடும்.

முந்தின வாரம் அந்தச் சந்து வழியாக ஒரு குரங்கு இறங்கி முழு சீஸ் கட்டி ஒன்றைத் தூக்கிக்கொண்டு போய்விட்டது. பாய் சந்தைத் தகரம் வைத்து அடைத்து ஆணி அடித்தார். நல்ல காரியம் என்றுதான் நாங்களும் சொன்னோம்.

ஓட்டல் ஒன்றில் கல்யாணக் கூட்டம். காலை டிபனுக்குக் காயும் சீஸும் வைத்த பப்ஸ் கேட்டிருந்தார்கள். விடியுமுன் வந்துவிட்டோம். காற்று உறைத்ததால் கதவைச் சாத்தினோம். அடுப்புக்காரர் தணலை வழக்கத்தைவிடக் கூடவே அள்ளி வந்து, அதன் மேல் புதுக் கரியும் போட்டார்.

"வெரசா ஆகட்டும் மதினி. ஏழு மணிக்கு வண்டி வந்துரும்."

"மார்ஜரின் இளகணுமில்ல. உங்க அவசரம் அதுக்குத் தெரியுமா."

கேரட், பீன்ஸ், உருளைக்கிழங்கு. மலைப்பூண்டு தட்டிப் போட்டு, மிளகுத்தூள் போட்டு வதக்கி ஆறவைக்க வேண்டும். சூட்டோடு சீஸைக் கலந்தால் வேகும்போது ஓரத்தைப் பிய்த்துக்கொண்டு ஒழுகிவிடும். முதல் சட்டி ஆறிக்கொண்டிருந்தது. அவள் சீஸைத் துருவினாள். துருவத் துருவ ஒரு கிள்ளு வாய்க்குள் போனது.

"ஏத்தா, குரங்கு தின்னது பத்தாதா?" என்றார் அடுப்புக்காரர்.

"நான் எங்கண்ணே திங்கிறேன். உள்ள இருக்கிறவன் கேக்குறான்."

"அவன்னு முடிவே பண்ணிட்டியா?"

"சீஸ் கேட்டா அவன். புளி கேட்டா அவ."

பாய் சிரித்தார். நானும் சிரித்தேன்.

அந்தப் பேச்சு எப்போது நின்றது என்று தெரியவில்லை. நான் மாவைத் தேய்த்து, மடித்து, ஈரத்துணி போட்டு மூடிவிட்டுத் திரும்பினேன். இரண்டாவது சட்டிக்கு நறுக்கியிருந்த கேரட் பெரிசு பெரிசாகக் கிடந்தது. அவள் கை அப்படி நறுக்காது.

"என்ன இது, மாட்டுக்கா நறுக்குற?"

மற்ற நாளாக இருந்தால் பதிலுக்கு ஒன்று வந்திருக்கும்.

"தலை வலிக்குதுக்கா."

"வெறும் வயித்தோட வந்தியா?"

"பன் தின்னேன்."

சொல்லிவிட்டு மூலையில் இருந்த வாளியில் வாந்தி எடுத்தாள். பாய் சுக்குக் காப்பி கொண்டுவந்து கொடுத்தார்.

"மாசமா இருந்தா அப்படித்தாம்மா. என் வீட்ல ஒம்பது மாசமும் இதே கூத்துதான்."

குளிருது என்றாள். அடுப்புக்காரர் ஸ்டூலைக் கணப்புக்குப் பக்கமாக நகர்த்திப் போட்டார்.

"மொகம் செவந்து கெடக்கு. கலையாத்தான் இருக்கு தாயி" என்றார். வெறகு எடுக்கணும் என்று அடுப்பறைக்குப் போனார். பாய் முன்கட்டுக்குப் போனார். இருவரும் கதவைச் சாத்திவிட்டுத்தான் போனார்கள். குளிர் வரக் கூடாதே.

நான் மறுபடி மாவைத் தேய்த்தேன். தேய்க்கிற கட்டை கனத்தது. போட்டது மூன்றாவது மடிப்பா நாலாவதா என்று மறந்துபோனது. எனக்கு அது மறக்காது. மேஜையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். நெற்றிப்பொட்டில் இடித்தது. வயிற்றைப் புரட்டியது.

எனக்கு ஐம்பது தாண்டிவிட்டது. எனக்கென்ன மசக்கை.

அப்போதுதான் மேலே பார்த்தேன். சந்து இருந்த இடத்தில் தகரம் இருந்தது. புகை ஒன்றும் இல்லை. கண் எரியவில்லை. கணப்பு மட்டும் சிவப்பாக இருந்தது.

அவள் நறுக்குப் பலகையில் தலை சாய்த்திருந்தாள். தூக்கம் மாதிரி இருந்தது. கூப்பிட்டேன். தோளைப் பிடித்து உலுக்கினேன். எழவில்லை.

கதவைத் திறந்து கூப்பிட்டேன். பாய் ஓடி வந்தார்.

"காத்து அடிச்சா மாவு கெட்டுப்போகும்மா."

"அது கெடக்கட்டும். இவளைத் தூக்குங்க."

அடுப்புக்காரரும் வந்து காலைப் பிடித்தார். பாயும் நானும் தோளைப் பிடித்தோம். கடை வாசலில் சாக்கைப் போட்டுப் படுக்க வைத்தோம். பனிக்காற்று நல்லதுக்கு அடித்தது. கொஞ்ச நேரம் கழித்துக் கண்ணைத் திறந்தாள். எங்களை யாரென்று தெரியவில்லை. பிறகு தெரிந்தது. கை வயிற்றுக்குப் போனது. அங்கேயே இருந்தது.

"அசையலக்கா."

"அசையும்."

"இந்நேரம் ஒதைப்பான். அசையல."

பாய் வண்டியை எடுத்தார். அடுப்புக்காரர் கணப்புச் சட்டியைச் சாக்கால் பிடித்துத் தூக்கிக்கொண்டு போய் ரோட்டில் கொட்டினார். அந்தத் தணலுக்குப் பக்கத்திலேயே குத்துக்காலிட்டு உட்கார்ந்துவிட்டார். வண்டி திரும்பும்போதும் எழவில்லை.

ஆஸ்பத்திரியில் அவள் மூக்கிலும் வாயிலுமாக மாஸ்க் வைத்தார்கள். என்ன நடந்தது என்று நர்ஸ் கேட்டார். தணல், சாத்தின கதவு, அடைத்த சந்து என்று சொன்னேன். கரியோட விஷவாயு ஏறியிருக்கு என்று டாக்டருக்குப் போன் போட்டார். என்னையும் பெஞ்சில் உட்கார வைத்து ஒரு மாஸ்க் கொடுத்தார். என் கையில் மாவு காய்ந்து வெடித்திருந்தது. வெளியே பாயின் போன் அடித்துக்கொண்டே இருந்தது. ஓட்டல்காரர்களாக இருக்கும். அவர் எடுக்கவில்லை.

அவள் புருஷன் வந்து சேர்ந்தான். கால்மாட்டில் நின்றான்.

நர்ஸ் அவள் வயிற்றில் பசை மாதிரி ஒன்றைத் தடவி, குழந்தையின் துடிப்பைக் கேட்கிற கருவியை வைத்தார். இரைச்சல்தான் வந்தது. தள்ளி வைத்தார். அங்கேயும் இரைச்சல். இன்னும் கீழே வைத்தார்.

"எவ்வளவு இருக்கணும்மா?" என்றான் அவன்.

"நூத்திப்பத்துக்குக் கீழ போகக் கூடாது. பேசாதீங்க."

அவள் என் கையைப் பிடித்திருந்தாள். இரைச்சலுக்கு அடியில் ஒன்று தட்டியது. மெதுவாகத் தட்டியது. நர்ஸ் கையை ஆட்டாமல் வைத்துக்கொண்டு கருவியில் ஓடுகிற எண்ணைப் பார்த்தார். அது மாறிக்கொண்டே இருந்தது. பிறகு ஒரு எண்ணில் நின்றது. எங்கள் பக்கமும் திருப்பிக் காட்டினார்.

நூற்றுப் பன்னிரண்டு.