உன் காசாம்மா அது?

போன அமாவாசை அன்று காலை. குக்கர் விசில் அடித்துக்கொண்டிருக்கிறது. வாசலில் ஏழுமலை.

ஏழுமலை எங்கள் தெருக்காரர். செஞ்சி பஜாரை ஒட்டிய எண்ணெய் மில்லில் கடலை மூட்டை எடை போடுகிற வேலை. அவர் குரல் உயர்த்திப் பேசி நான் கேட்டதே இல்லை. அன்று குரலே வரவில்லை.

"யக்கா... பாப்பா காலேஜ்ல என்னைக் கூட்டியாரச் சொல்லிக்கிறாங்க. ஏதோ ஃபீஸைத் திருப்பிக் கேட்டு எழுதிக் குடுத்துட்டாளாம். நீங்க கொஞ்சம் கூட வாங்கக்கா. உங்களுக்கு நாலு இங்கிலீஷ் வார்த்தை தெரியும்."

பாப்பா என்பது அவர் மகள் சங்கீதா. எம்.எஸ்சி. கெமிஸ்ட்ரி, இரண்டாம் வருடம். வயது இருபத்து மூன்று.

இருபத்து மூன்று! ஓட்டுப் போடலாம். கல்யாணம் கட்டிக்கொள்ளலாம். ஆசிட் பாட்டிலைத் திறக்கலாம். ஒரு கேள்வி கேட்டுவிட்டால் மட்டும் அப்பாவைக் கூட்டிக்கொண்டு வர வேண்டுமாம்!

அடுப்பை அணைத்துவிட்டு, அப்பா மகள் இருவரோடும் கிளம்பினேன். அமாவாசைக்கு மேல்மலையனூர் கோயிலுக்குப் போகிற கூட்டத்தில் பஸ் ஸ்டாண்டில் கால் வைக்க இடமில்லை. அடித்துப் பிடித்து ஏறி, மூன்று பேர் சீட்டில் நெருக்கி உட்கார்ந்ததும், "என்னம்மா நடந்துச்சு?" என்று கேட்டேன்.

சங்கீதா வலது கையை நீட்டினாள். மணிக்கட்டுக்கு மேலே கரும்பழுப்பாக ஒரு தழும்பு.

"லேப்ல ஆசிட் தெறிச்சிடுச்சு ஆன்ட்டி. உடனே குழாய்த் தண்ணியில காட்டிட்டேன். அப்புறம் ஹெல்த் சென்டருக்கு ஓடுனா, பூட்டியிருக்குது."

"ஏன்?"

"யுஜி பசங்களுக்குக் காலையில காலேஜ். மத்தியானம் அவங்க போனதும் நர்ஸம்மாவும் போயிடுவாங்க. எங்களுக்கு லேப் ஆரம்பிக்கிறதே அதுக்கப்புறந்தான்."

அதாவது, ஆசிட் கொதிக்கிற நேரத்தில் மருந்து அறைக்குப் பூட்டு. கடைசியில் ஈரக் கைக்குட்டையைச் சுற்றிக்கொண்டு, தோழி ஒருத்தியோடு பஸ் பிடித்து, செஞ்சி பெரியாஸ்பத்திரிக்கு வந்துதான் கட்டுப் போட்டிருக்கிறாள். ஒரு மணி நேரப் பயணம்... ஸ்பீடு பிரேக்கர் ஒவ்வொன்றுக்கும் உயிர் போய் உயிர் வந்ததாம்.

கை ஆறியது. மனசு ஆறவில்லை. கட்டண ரசீதை எடுத்துப் பார்த்தால், 'மருத்துவ வசதி' என்று ஒரு வரி. பிஜி மாணவர்களுக்கும் சேர்த்துத்தான் வசூல். 'எங்களுக்கு இல்லாத வசதிக்கு வாங்கிய கட்டணத்தைத் திருப்பித் தரவும்' என்று எழுதிக் கொடுத்துவிட்டாள். வகுப்பில் எல்லோரும் கையெழுத்துப் போடுவதாகத்தான் சொன்னார்களாம். கடைசியில் நின்றது இவள் கையெழுத்து மட்டும்.

"எதுக்கும்மா உனக்கு இந்த வம்பு? இன்னும் கொஞ்ச நாள்தான... முடிச்சிட்டு வந்துடு" என்றார் ஏழுமலை, ஜன்னல் பக்கம் பார்த்தபடி.

"எனக்கு முடிஞ்சிடும் நைனா. அடுத்து வர்றவளுக்கு?"

நான் மனசுக்குள் வசனம் தயார் செய்துகொண்டு வந்தேன். சின்னப் பெண், தெரியாமல் எழுதிவிட்டாள், பெரிய மனசு பண்ணி... இப்படி. அந்தப் பக்குவத்தில்தானே நம்மை எல்லாம் வளர்த்து வைத்திருக்கிறார்கள்?

காலேஜ் முதல்வர் அறையில் ஏ.சி. ஜில்லென்று இருந்தது. முதல்வர் ஒரு பெண்மணி. இதமாகத்தான் பேசினார். "உட்காருங்க சார்" என்றார். ஏழுமலை உட்காரவில்லை. இடுப்பு வளைந்தபடி நின்றார். சங்கீதாவும் நின்றாள். நான் மட்டும் நாற்காலி நுனியில்.

"உங்க பொண்ணு நல்லாப் படிக்கிற பொண்ணு. ப்ராக்டிகல் வருது, ப்ராஜெக்ட் இருக்கு. இந்த நேரத்துல இதெல்லாம் தேவையான்னுதான் கேக்கறோம்."

அக்கறை மாதிரியே இருந்தது. மிரட்டல் மாதிரியும் இருந்தது. சர்க்கரை தடவின மாத்திரை!

பக்கத்தில் நின்றிருந்த ஆபீஸ் சூப்பரின்டென்டென்ட் ஃபைலைப் புரட்டினார். "மேடம், இந்தப் பொண்ணு கவர்மென்ட் ஸ்காலர்ஷிப். கையிலேர்ந்து ஒரு பைசா கட்டல. கட்டாத பணத்தைத் திருப்பிக் கேக்குது." சங்கீதா பக்கம் திரும்பினார். "உன் காசாம்மா அது?"

ஏழுமலையின் தலை இன்னும் கொஞ்சம் குனிந்தது. "தெரியாம எழுதிட்டா சார். மன்னிச்சு..."

"நைனா, இன்னாத்துக்கு மன்னிப்பு?" என்றாள் சங்கீதா. கத்தவில்லை. ஆனால் அறை முழுக்கக் கேட்டது.

"என் காசு இல்ல சார். ஆனா என் பேர்ல வந்த காசு. பக்கத்து டேபிள் பொண்ணு அதைக் கையில கட்டுச்சு, எனக்குக் கவர்மென்ட் கட்டுச்சு. ரெண்டு பேருக்கும் ரசீது ஒண்ணுதான். யாரு ஸ்காலர்ஷிப், யாரு பேமென்ட்டுன்னு பார்த்தா சார் ஆசிட் தெறிக்குது?"

சூப்பரின்டென்டென்ட் சிரித்தார். கையில் துருப்புச் சீட்டு இருக்கிறவர் சிரிக்கிற சிரிப்பு.

"சரி, ரூலைச் சொல்றேன் கேட்டுக்க. ஸ்காலர்ஷிப் ஸ்டூடன்ட்டுக்கு ரீஃபண்டே சாங்ஷன் ஆனாலும் உன் கைக்கு வராது. கவர்மென்ட் கணக்குக்குத்தான் திரும்பிப் போகும். உனக்கு ஒத்த ரூபா கிடைக்காது. அப்புறம் எதுக்கு இந்த லெட்டரு?"

முடிந்தது என்று நினைத்தேன். நானே எழுந்திருக்கத் தயாராகிவிட்டேன்.

"அப்ப அனுப்பிடுங்க சார்" என்றாள் சங்கீதா.

"எங்க?"

"கவர்மென்ட்டுக்கு. எனக்கு வேணாம். ஆனா அனுப்பும்போது காரணம் எழுதணும் இல்லையா? பிஜி ஸ்டூடன்ட்ஸுக்கு ஹெல்த் சென்டர் வசதி குடுக்கல, அதனால திருப்பி அனுப்புறோம்னு ஒரே ஒரு வரி எழுதி அனுப்பிடுங்க. அது போதும்."

சூப்பரின்டென்டென்ட் முதல்வரைப் பார்த்தார். முதல்வர் ஃபைலைப் பார்த்தார். அப்புறம்தான் முதன்முறையாக, சங்கீதாவை நேராகப் பார்த்தார்.

"அப்படியெல்லாம் உடனே எழுத முடியாதும்மா..."

அப்போதுதான் அது நடந்தது. ஏழுமலை ஒரு நாற்காலியை இழுத்தார். டைல்ஸ் தரையில் கிரீச்சென்று ஒரு சத்தம். நிதானமாக உட்கார்ந்தார். முதுகு நேராக இருந்தது.

"எழுதிக் குடுங்க மேடம். வெயிட் பண்றோம். நான் மில்லுல லீவு சொல்லிட்டுத்தான் வந்துக்கிறேன்."

இங்கிலீஷ் தெரிந்த நான் அங்கே என்ன பேசினேன் என்றுதானே கேட்கிறீர்கள்? "கொஞ்சம் தண்ணி கிடைக்குமா?" என்று கேட்டேன். அவ்வளவுதான். ஆனால் நாற்காலி நுனியிலிருந்து நகர்ந்து, சாய்ந்து உட்கார்ந்துகொண்டேன்.

எங்களை வெளியே பெஞ்சில் காத்திருக்கச் சொன்னார்கள். காத்திருந்தோம். கேன்டீனில் டீ குடித்துவிட்டு வந்து மறுபடி காத்திருந்தோம். கையெழுத்துப் போடாத தோழிகள் ஒவ்வொருத்தியாக வந்து, "என்னாச்சுடி?" என்று கிசுகிசுத்துவிட்டுப் போனார்கள். ஒருத்தி மட்டும் போகாமல் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டாள். அன்றைக்கு ஆஸ்பத்திரிக்கு பஸ்ஸில் கூட வந்த பெண்ணாம் அவள்.

மாலையில் முதல்வர் மறுபடி கூப்பிட்டார். கையில் ஒரு சுற்றறிக்கை. திங்கட்கிழமையிலிருந்து, பிஜி லேப் முடிகிற வரை ஹெல்த் சென்டர் திறந்திருக்கும், நர்ஸ் இருப்பார்.

"சந்தோஷமா?" என்றார்.

"தேங்க்ஸ் மேடம். இது இனிமேலுக்கு. இதுவரைக்கும் வாங்கின ஃபீஸ்?"

"அது கமிட்டியில வைக்கணும்."

"வைங்க மேடம். என் லெட்டர் காப்பியில ஒரு சீல் மட்டும் போட்டுக் குடுத்துடுங்க."

போட்டுக் கொடுத்தார்கள்! கமிட்டி எப்போது கூடும் என்று இதை எழுதும் நிமிடம் வரை தெரியாது. கூடாமலே போகலாம். ஆனால் அறை திறந்திருக்கிறது. திங்கட்கிழமை சங்கீதா வேண்டுமென்றே போய்ப் பார்த்துவிட்டு வந்தாள். நோயாளிக் கட்டிலில் அடுக்கி வைத்திருந்த அட்மிஷன் ஃப்ளெக்ஸ் போர்டுகளை அப்புறப்படுத்தி, புது பெட்ஷீட் விரித்திருக்கிறார்களாம்.

இலவசமாக ஒன்றைக் கொடுக்கும்போது கூடவே ஒரு வாய்ப்பூட்டையும் சேர்த்துக் கொடுக்கிறோமே, ஏன்? வல்லம் போகிற டவுன் பஸ்ஸில் ஏறிப் பாருங்கள். பெண்களுக்கு டிக்கெட் காசு இல்லை. அதனாலேயே, ஸ்டாப்பிங் தள்ளி நிறுத்தினாலும் யாரும் கேட்பதில்லை. கேட்டால், 'ஓசியில வர்றதுக்கு இவ்ளோ வாயா?' என்று பக்கத்து சீட்டுக்காரரே சொல்வார். அரசு கட்டுகிற பணம் எங்கிருந்து வருகிறது? ஏழுமலை வாங்குகிற சோப்பிலும் வரி இருக்கிறது. அது யாருக்கும் ஞாபகம் வருவதில்லை.

சங்கீதாவுக்கு இதனால் நஷ்டமே இல்லையா? இருக்கிறது. டிபார்ட்மென்ட்டில் ஒரு ஆசிரியர் அவளோடு பேசுவதை நிறுத்திவிட்டார்.

"பயமா இல்லையாம்மா?" என்று கேட்டேன்.

"கொஞ்சம் இருக்குது ஆன்ட்டி. ஆனா அவரு பேசாட்டியும் ஃப்ளாஸ்க்ல ரியாக்‌ஷன் நடக்கும்" என்றாள். அடுத்த லெட்டரும் தயார். மத்தியானமே மூடிவிடுகிற லைப்ரரியைப் பற்றி. இந்த முறை நாலு பேர் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள்.

முந்தாநாள் ரேஷன் கடை வரிசையில் எனக்கு முன்னால் ஏழுமலை. தராசில் கொட்டின அரிசியைக் கையில் அள்ளிப் பார்த்தார். பழுப்பாக, ஒரே குருணை. வேற மூட்டையைப் பிரிக்கச் சொன்னார். "சும்மா குடுக்கிற அரிசிதானய்யா?" என்றார் கடைக்காரர்.

ஏழுமலை பையைச் சுருட்டி அக்குளில் வைத்துக்கொண்டு, நகராமல் நின்றார்.

"சும்மா குடு. சுமாரா குடுக்காத."